கட்டடங்களில் மறைகசிவு கண்டறிதல்: இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

வீடுகளிலும் பொதுக் கட்டடங்களிலும் சுவர், தளம், தரை ஆகியவற்றுக்குள் மறைந்து கசியும் நீரின் தோற்றுவாயைக் கண்டுபிடிப்பது மறைகசிவு கண்டறிதல் எனப்படுகிறது. கறை தெரியும் இடமும் நீர் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே இதிலுள்ள அடிப்படைச் சிக்கல். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் கல்மண்டபம், சுண்ணாம்புக் காரை வீடு, கான்கிரீட் வீடு, புதைகுழாய் பொருத்திய அடுக்குமாடி ஆகிய எல்லாக் காலக் கட்டடங்களும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கட்டுமானப் பொருள் மாறிய ஒவ்வொரு முறையும் கறைக்கும் கசிவுக்கும் உள்ள தூரம் கூடியது. கண்டறியும் முறைகளும் அதற்கேற்ப மாறின.

சொற்கள்

இவ்வட்டாரப் பேச்சில் நீர்ச்சேதத்துக்கு ஒரே சொல் கிடையாது. கூரையிலிருந்து சொட்டினால் ஒழுகல். சுவரிலோ தொட்டியிலோ மெதுவாக ஊறி வந்தால் கசிவு. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் ஓதம். காரைப்பூச்சு வெண்மையாகப் பொரிந்தால் உப்புப் பூத்தது என்பர். வீட்டுக்காரர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதிலிருந்தே அனுபவமுள்ள கொத்தனார் தேடலைத் தொடங்கிவிடுவார். ஒழுகல் என்றால் மேலே ஏறிப் பார்ப்பார், ஓதம் என்றால் அடித்தளத்தைப் பார்ப்பார். கசிவு என்று சொன்னால்தான் வேலை கடினம்.

கோயில் தளங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 11 நிலை இராசகோபுரம் ஏறத்தாழ 192 அடி உயரமுடையது. இத்தகைய கோபுரங்களின் அடிப்பகுதி கருங்கல்லாலும் மேல்நிலைகள் செங்கல், சுண்ணாம்பு, சுதை ஆகியவற்றாலும் ஆனவை. மண்டபங்களின் கூரை நீண்ட கற்பலகைகளை அடுக்கி, அவற்றின் மேல் சுண்ணாம்புக் காரை இட்டு, தட்டோடு பதித்து முடிக்கப்படுவது வழக்கம். கல் நீரை உள்ளே விடாது, பலகைகளுக்கு இடையிலுள்ள இணைப்பே விடும். ஓரிணைப்பில் நுழையும் நீர் பலகையின் முதுகில் ஓடி, வேறோர் இணைப்பில் கீழே சொட்டும். ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தளத்தை அடைப்பதால் பயன் இருக்காது.

இதற்கு வயலிலிருந்து வந்தது போலத் தோன்றும் ஒரு சோதனை உண்டு. தளத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஓரங்களில் களிமண்ணாலோ காரையாலோ வரப்பு கட்டி, ஒவ்வொரு பாத்தியாக நீர் நிறுத்துவது. ஒரு பாத்தியில் நீர் நிற்கும்போது கீழே சொட்டினால் தேட வேண்டிய பரப்பு அந்தப் பாத்தியளவுக்குச் சுருங்கிவிடும். புதிய கான்கிரீட் தளங்களிலும் பொறியாளர்கள் செய்வது இதே நீர்தேக்கச் சோதனைதான். கோபுரத்தில் அப்படி நீர் நிறுத்த முடியாது. அங்கே செடிகளே அடையாளம். பறவை எச்சத்தால் விழுந்த அரச, ஆல விதைகள் ஈரம் தங்கும் வெடிப்புகளில்தான் வேர் பிடிக்கும். செடியை மட்டும் வெட்டிவிட்டு ஈரம் வரும் வழியை விட்டுவைத்தால் அடுத்த மழைக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் முளைக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குக்கு முன் திருப்பணி செய்யும் மரபு, சமயச் சடங்கு என்பதோடு, தளங்களையும் கோபுரங்களையும் ஒட்டுமொத்தமாகச் சோதித்துப் பழுதுபார்க்கும் கால ஒழுங்காகவும் இருந்துவருகிறது.

மட்டப்பா வீடுகள்

தென்மாவட்டங்களில் மட்டப்பா, தட்டட்டி என்றெல்லாம் அழைக்கப்படும் தட்டைக் கூரை, பொறியியல் நூல்களில் மெட்ராஸ் டெரஸ் எனப்படுகிறது. தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் இணையாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாகச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் அடிக்கும்போது தெளிக்கப்படும். கடைசியாகத் தட்டோடு. இம்முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 2119 என்ற தனி விதிமுறையே வெளியிட்டுள்ளது.

இக்கூரையில் ஒழுகல் பெரும்பாலும் நேர்மையானது. செங்கல்லும் சுண்ணாம்பும் நீரை உறிஞ்சி ஏறக்குறைய நேராகக் கீழே இறக்குவதால், கறை தெரியும் இடத்தின் சுற்றுவட்டத்திலேயே வெடிப்பும் இருக்கும். ஆபத்து வேறிடத்தில் உள்ளது. கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். கைப்பிடிச் சுவரின் அடியில் நுழையும் நீர் அந்த நுனியை ஊறவைத்து இற்றுப்போகச் செய்யும். கரையானும் ஈரமான கட்டையைத்தான் முதலில் நாடும். அறையிலிருந்து பார்த்தால் கட்டையின் நடுப்பகுதி நன்றாகவே தெரியும். பழைய வீடுகளின் கூரை மழைக்காலத்தில் திடீரென இடிந்து விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தச்சர்கள் சுவரோரம் கட்டையைத் தட்டி ஒலியைக் கேட்பார்கள். திடமான மரம் கணீரென்றும் இற்ற மரம் மந்தமாகவும் ஒலிக்கும். ஐயமிருந்தால் ஆணியோ துளைப்பானோ இறக்கிப் பார்ப்பார்கள்.

சுண்ணாம்புக் கட்டுமானத்தில் கசியும் நீர் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வந்து வெளியே வெண்படிவமாக விடும். இதே மலைத்தொடரில் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையும் சுண்ணாம்பு, சுருக்கிக் கலவையால் ஆனது. அங்கே கசிவு நீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து பதிவு செய்யப்படுகிறது. வீட்டில் யாரும் அப்படி அளப்பதில்லை என்றாலும் கேள்வி ஒன்றுதான்: கசிவு கூடுகிறதா, குறைகிறதா, எதைத் தொடர்ந்து?

சிமெண்ட் வந்த பின்

இராசபாளையம் நூற்பாலை நகரமாக வளர்ந்தது 1930களுக்குப் பின். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் இராசபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அவரே 1957-இல் நிறுவிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் அருகே இன்றைய ஆர். ஆர். நகரில் சிமெண்ட் உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக் காளவாய்களின் இடத்தைச் சிமெண்ட் மூட்டைகளும், தேக்குக் கட்டைகளின் இடத்தை இரும்புக் கம்பிகளும் பிடித்தன.

கான்கிரீட் தளம் நீரை உறிஞ்சி நேராக இறக்குவதில்லை. வெடிப்பில் நுழையும் நீர், கம்பியின் ஓரமாகவோ தளத்துக்குள் பதித்த மின்கம்பிக் குழாய் வழியாகவோ ஓடும். படுக்கையறை மின்விசிறிக் கொக்கியில் நீர் சொட்டுவது இவ்வட்டாரத்தில் பலருக்கும் பழகிய காட்சி. அந்த நீர் மாடியின் மறுகோடியில், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் நுழைந்ததாக இருக்கலாம். சிக்கலைக் கூட்டும் இன்னொன்றும் உண்டு. கான்கிரீட்டின் மேலும் பழைய வழக்கப்படி செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் பதித்தார்கள். வெயிலின் சூட்டைத் தணிக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓட்டின் சந்தில் இறங்கும் நீர் ஜல்லிக்குள் பக்கவாட்டில் பரவி, எங்கே கான்கிரீட் பலவீனமாக உள்ளதோ அங்கே இறங்கும்.

கறை கண்ட இடத்தில் உள்பக்கம் சிமெண்ட் பூசி வண்ணம் அடிப்பதே மிகவும் பரவலான பழுதுபார்ப்பு, மிகவும் வீணானதும் அதுவே. நீர் வெளியேற வழியின்றிக் கம்பியைச் சுற்றித் தங்குகிறது. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகுவதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து, பாளம் பாளமாக விழுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினாலும் இதே கதைதான். சுவர் மூச்சுவிடாமல், ஓதம் இன்னும் இரண்டடி மேலேறும்.

குழாய் நீரும் நேரச் சோதனையும்

இராசபாளையம் நகரின் குடிநீருக்கு மலையடிவாரத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நெடுங்காலமாக முதன்மை ஆதாரம். குழாய் நீர் விட்டுவிட்டு வழங்கப்படும் ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தரைக்குக் கீழ் ஒரு தொட்டி, மாடியில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே மோட்டார் என்ற அமைப்பு உருவானது. பின்னர் குழாய்களும் சுவருக்குள் போயின. மழையில்லாத மே மாதத்திலும் சுவர் நனைவது இதற்குப் பின் வந்த புதுமை.

கருவி எதுவும் இல்லாமல் இதைப் பிரித்தறிய உதவுவது நேரம். மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் கூரையோ வெளிச்சுவரோ காரணம். இரவும் பகலும் ஒரே அளவாக நனைந்தால் எப்போதும் நீர் நிற்கும் குழாய். காலையில் குளித்த பின் கூடி, மாலையில் குறைந்தால் குளியலறைத் தரையோ கழிவுக் குழாயின் இணைப்போ. மோட்டார் ஓடும்போது மட்டும் என்றால் மேலேறும் குழாய். தொட்டியைச் சோதிக்க, இரவில் எல்லா வால்வையும் மூடி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுக் காலையில் பார்த்தாலே போதும். மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் பரந்துள்ள கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அத்தகைய மண்ணில் புதைத்த தொட்டியும் குழாய் இணைப்பும் பிளவுபடுவது எளிது என்பதால் இச்சோதனை அங்கு இன்னும் அவசியமானது.

நீரே தன் ஊரைச் சொல்வதும் உண்டு. நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் எஞ்சியிருக்கும். சுவரோரம் ஊறும் நீரில் குளோரின் தெரிந்தால் தெருக்குழாயை ஐயுறலாம், தெரியாவிட்டால் மட்டும் அக்குழாயைக் கழித்துவிட முடியாது, மண்ணில் ஊறும்போது குளோரின் அழிந்திருக்கலாம். மலை நீர் மென்மையானது, ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புக் கூடியது. உப்பளவு காட்டும் சிறு மீட்டர் இவ்விரண்டையும் பிரித்துவிடும். கழிவுக் குழாயை ஐயுற்றால் சலவை நீலம் கரைத்து ஊற்றி, கறையில் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள். இதன் பெரிய வடிவம் 1877-இல் ஜெர்மனியில் நடந்தது. தன்யூப் ஆறு நிலத்துக்குள் மறையும் இடத்தில் ஃபுளோரசீன் சாயத்தைக் கொட்டியபோது, இரண்டரை நாள் கழித்து ஆக் ஊற்றில் பச்சை நீர் வெளிப்பட்டது.

காதும் கருவியும்

தெருக்குழாய்க் கசிவைத் தேடும் முறைக்கு ஒழுங்கு கொடுத்தவர் லிவர்பூல் நகரப் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன். 1873-இல் அவர் உருவாக்கிய அளவி, நள்ளிரவில் எல்லோரும் தூங்கும்போதும் எந்தப் பகுதியில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டியது. அதன்பின் ஊழியர் வால்வின் மேல் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கசிவின் சீறலைக் கேட்பார். இன்றைய மின்னணுக் கருவிகள் இதே ஒலியைத்தான் கேட்கின்றன. விட்டுவிட்டு நீர் வழங்கும் ஊர்களுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. குழாயில் அழுத்தம் இருக்கும் சில மணி நேரத்தில், அதுவும் எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் கேட்க வேண்டும். அழுத்தம் இல்லாத நேரத்தில் அதே ஓட்டை சாக்கடை நீரை உள்ளிழுக்கும் என்பதால், கசிவு வீண்செலவு மட்டுமன்று, நோய்க்கும் வழி.

அண்மைக் காலத்தில் வெப்பப்படக் கருவி கொண்டு தேடுவோர் பெருகியுள்ளனர். வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிரே இதன் அடிப்படை. இக்கருவி நீரைப் பார்ப்பதில்லை, வெப்ப வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. ஈரச் சுவர் ஆவியாதலால் குளிர்ந்து தெரியும். பகலெல்லாம் காய்ந்த தளத்தில் ஈரம் தங்கிய பகுதி, பொழுது சாய்ந்த பின்னும் சூடு ஆறாமல் தெரியும். உச்சிவெயிலில் எடுத்த படம் பெரும்பாலும் நிழலையே காட்டும். ஈரமானியும் உப்புப் பூத்த சுவரில் ஈரம் இல்லாமலேயே ஈரம் என்று சொல்லிவிடும்.

இவ்வட்டாரத்துக்கே உரிய நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஒழுகல் தெரிவது அப்போது. தளம் காய்ந்து வேலை தொடங்கத் தை மாதமாகிவிடும். அதற்குள் கறை வெளிறிவிடும், கொத்தனாருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. எனவே மழை நாளிலேயே கறையின் விளிம்பைக் கரிக்கட்டியால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதியையும் எழுதி வைத்தால், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.