திண்ணையில் பழகிய ழகரம்

நாச்சியாபுரம் பக்கம் வாழைப்பழம் பேச்சில் 'வாளப்பளம்'தான். எங்கள் அப்பத்தாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைக் கீறிக்கொண்டே பிள்ளைகள் உரக்கச் சொல்ல வேண்டும். சட்டாம்பிள்ளை முன்சொல்ல, மற்றவர்கள் பின்சொல்வார்கள். கையும் காதும் நாக்கும் சேர்ந்து பழகின. 1789-இல் சென்னை எழும்பூர் அனாதை இல்லத்தில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிய நம் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தம் கல்விமுறையைத் தொடங்கினார். 1797-இல் லண்டனில் அதை நூலாகவும் வெளியிட்டார்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே தொல்காப்பியர் பிறப்பியல் எழுதிவிட்டார். உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டின் வழி எழுத்தாகிறது என்கிறார். ழகரத்துக்கு நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். ளகரத்துக்கு நாவின் விளிம்பு தடிக்க வேண்டும். நீங்களே சொல்லிப் பாருங்கள்: ளகரத்தில் நாக்கு ஒட்டும், காற்று பக்கவாட்டில் வழியும், ழகரத்தில் நாக்கு ஒட்டாது. கருவி ஏதுமின்றி இதைக் கண்டறிந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு.

காதின் கதை இன்னும் நுட்பமானது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் தகர, டகர வேறுபாட்டைக் கண்டுகொள்கின்றன. ஒரு வயதுக்குள் அந்தத் திறன் மங்கிவிடுகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் இதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பயிற்சிதான் கைகொடுக்க வேண்டும். எங்கள் ஆரம்பப்பள்ளி வாத்தியார் வாயை அகலத் திறந்து, நாக்கை மடித்துக் காட்டுவார். எனக்கு ழகரம் அப்படித்தான் வந்தது.