மூளையில் ரத்தக்கசிவு, இதயத்தில் காயம்

இதயத்தில் கோளாறு என்றால் மூளையும் பாதிக்கப்படலாம் என்பது பலருக்கும் தெரியும். இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி மூளைக் குழாயை அடைத்து, கை கால் விழுந்துபோனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. மூளையில் ரத்தம் கசிந்தால் இதயமும் அடிபடும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் குப்பிகளோடு காலம் தள்ளியவன் நான், டாக்டர் அல்ல. ஆனாலும் இந்த வரலாற்றில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் உடம்பின் ரத்த அழுத்தமும் கூடவே ஏறுகிறது என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901-லேயே விலங்குகளில் சோதித்து எழுதிவிட்டார். அந்த நெருக்கடியில் இதயத் தசை காயப்படுமா என்ற கேள்வி வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

1954-இல் நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச்சும் அவருடைய சகாக்களும் பக்கவாத நோயாளிகளின் ஈ.சி.ஜி.யில் ஒரு விசித்திரத்தைக் குறித்தார்கள். டி அலைகள் அகலமாக, பெரும்பாலும் தலைகீழாக இருந்தன. க்யூ-டி இடைவெளி நீண்டிருந்தது. பார்த்தால் இதயநோய் போலத்தான் தெரியும். நோயோ மூளையில்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மாரடைப்பு என்று நினைத்தால் ஆஸ்பிரின், ஹெப்பாரின் என்று ரத்தத்தை உறையவிடாத மருந்துகளைக் கொடுப்பார்கள். மூளைக்குள் கசிந்துகொண்டிருப்பவருக்கு அதையே கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு இரவு டியூட்டியில் எனக்கு வந்த ரத்தத்தில் ட்ரோபோனின் அதிகம். நோயாளி வாந்தி எடுத்து மயங்கி விழுந்தவர். மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே அளவு. போனில் சொன்னதும் டியூட்டி டாக்டர், "விழறதுக்கு முன்னாடி மண்டை பிளக்குதுன்னு கத்தினாராம். முதல்ல தலைக்கு ஸ்கேன், மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம். ஊசி போடாமல் நிறுத்தி வைத்த அந்தச் சின்ன வயசு டாக்டரை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஈ.சி.ஜி.யில் தெரிவது வெறும் பொய்த்தோற்றமா, நிஜக் காயமா? அறுபதுகளின் கடைசியில் பிரேதப் பரிசோதனைகள் பதில் சொல்லின. இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு இல்லாதபோதும் தசையில் புள்ளி புள்ளியாகச் சிதைவு இருந்தது, அதுவும் நரம்பு முனைகளை ஒட்டி. மூளையில் ரத்தம் பாய்ந்த அதிர்ச்சியில், பயந்தால் நெஞ்சைப் படபடக்க வைக்கும் அதே நரம்புகள் நார்அட்ரினலினைக் கொட்டித் தீர்க்கின்றன. தசைச் செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாய்ப் புகுகிறது. சுருங்கிய தசை விரிய முடியாமல் அப்படியே இறுகிச் செத்துவிடுகிறது.

உயிரோடு இருப்பவரிடம் இதைப் பிடிக்க ரத்தத்தில் ஓர் அடையாளம் வேண்டுமே. முதலில் சி.கே.-எம்.பி. என்ற நொதி வந்தது. ஆனால் அது எலும்புத் தசையிலும் கொஞ்சம் உண்டு. ட்ரோபோனின் என்ற புரதத்தை ஜப்பானின் செட்சுரோ எபாஷி அறுபதுகளிலேயே கண்டுபிடித்திருந்தார். அதன் இதய வகையை ரத்தத்தில் அளக்கும் சோதனையை ஜெர்மனியின் ஹூகோ காட்டுஸ் குழு 1989-இல் வெளியிட்டது. மூளையின் சவ்வுக்கடியில் ரத்தக்கசிவு வந்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு ட்ரோபோனின் ஏறுவதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மாரடைப்பில் ஏறும் அளவுக்குப் பெரும்பாலும் ஏறாது. இதயம் துடிக்கும் பலம் வெகுவாகக் குறைந்திருக்கும், ட்ரோபோனினோ கொஞ்சம்தான் ஏறியிருக்கும். இந்தப் பொருத்தமின்மையே டாக்டர்களுக்கு ஒரு துப்பு.

இன்னொன்று பி.என்.பி. 1988-இல் ஜப்பானியர் அதைப் பன்றியின் மூளையில் கண்டெடுத்ததால் பெயரிலேயே 'மூளை' ஒட்டிக்கொண்டது. பிறகு பார்த்தால், அதை அதிகம் சுரப்பது இதயம்! மூளைக் கசிவு வந்தவர்களுக்கு அதுவும் ஏறுகிறது. பெயர் வைத்தவர்கள் அறியாமலே பொருத்தமாக வைத்துவிட்டார்கள் என்று எங்கள் கூடத்தில் சொல்லிச் சிரிப்போம்.

பிழைத்தவர்களில் பலருக்கு இந்த இதயத் தளர்ச்சி சில நாட்களில், சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. அதனால்தான் மூளைச்சாவு அடைந்தவரின் இதயத்தைத் தானமாகப் பெறும்போது, முதல் எக்கோவில் பலவீனமாகத் தெரிந்தாலும் உடனே ஒதுக்கிவிடாமல், கொஞ்சம் பொறுத்து இன்னொரு எக்கோ எடுத்துப் பார்க்கிறார்கள்.