புதுக் கணினியில் பழைய டூம்

அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் டூம் என்ற கணினி விளையாட்டு 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெஸ்கீட் என்ற ஊரில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் அதை வழக்கம்போலக் கடைகளுக்கு அனுப்பவில்லை. மூன்று பாகங்களில் முதல் பாகத்தை இலவசமாகப் பரவவிட்டது. மீதி வேண்டியவர்கள் பணம் அனுப்பித் தபாலில் பெற்றுக்கொள்ளலாம் என்றது. இதற்கு ஷேர்வேர் முறை என்று பெயர். விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சர்வர் ஒன்றில் கோப்பை ஏற்ற முயன்றபோது, அதற்காகக் காத்திருந்தவர்களின் நெரிசலில் நிறுவனத்தாருக்கே இடம் கிடைக்கவில்லை. இணைந்திருந்தவர்களை வெளியேற்றிய பிறகுதான் ஏற்ற முடிந்தது.

அந்தக் காலத்தில் டாஸ் இயங்குதளக் கணினியில் ஒரு விளையாட்டை நிறுவுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் சாதாரண டாஸ் நிரல்களுக்கு முதல் 640 கிலோபைட்தான் நேரடியாகக் கிடைத்தது. மவுஸ், சிடி டிரைவ் போன்றவற்றுக்கான நிரல்களும் அதிலேயே பங்கு கேட்டன. எனவே கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் ஆகிய இரு கோப்புகளிலும் வரிகளை நீக்கியும் மாற்றியும் சில கிலோபைட்டுகளைத் தேற்றுவது விளையாடுவோரின் அன்றாடக் கலையாக இருந்தது. டூம் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தாண்டியது. டாஸ்/4ஜிடபிள்யூ என்ற துணை நிரலைக் கொண்டு 32-பிட் முறையில் ஓடியதால் 640 கிலோபைட் வரம்பு அதைக் கட்டுப்படுத்தவில்லை. 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் இருந்தால் போதும் என்றார்கள். 386-இல் ஓடியது உண்மைதான். வேகமாக ஓட 486 வேண்டியிருந்தது.

ஒலிதான் பெரிய தலைவலி. டாஸில் ஒலிக்கென்று பொது ஏற்பாடு எதுவும் கிடையாது. விளையாட்டு நேராக சவுண்ட் கார்டுடன் பேச வேண்டும். அதற்காக செட்டப் நிரலில் கார்டின் பெயரையும் மூன்று எண்களையும் பயனரே சொல்ல வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்குப் பெரும்பாலும் போர்ட் 220, ஐஆர்க்யூ 5 அல்லது 7, டிஎம்ஏ 1. ஓர் எண் பிசகினால் சத்தமே வராது, அல்லது கணினி உறைந்து நிற்கும். டூமின் ஒரே இசை ஒரு கார்டில் யமாஹா சில்லின் கரகரத்த ஒலியாகவும், ரோலண்ட் கருவி வைத்திருந்தவர் வீட்டில் வாத்தியக் குழுவின் ஒலியாகவும் கேட்டது.

விண்டோஸ் 95 வந்ததும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. விளையாட்டுக்காரர்கள் டாஸை விட்டு நகர மறுத்ததால், அவர்களை இழுக்க மைக்ரோசாஃப்ட்டே டூமை விண்டோஸுக்கு மாற்ற முன்வந்தது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் கேப் நியூவல். பின்னர் வால்வ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். டூம்95 என்ற அந்தப் பதிப்பு 1996-இல் வெளியானது. ஒலிக்கு எண்களைத் தேடும் வேலை அத்துடன் ஒழிந்தது. ஆனால் அது விண்டோஸ் 95-ஐ மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் அடித்தளம் வேறு. எக்ஸ்பி தன் பங்குக்கு டாஸ் நிரல்களை ஓட்ட ஒரு போலிச் சூழலைத் தந்தது. அதில் விளையாட்டுகளின் ஒலி ஒழுங்காக வருவது அரிது. 64-பிட் விண்டோஸில் அதுவும் இல்லை. அந்தச் சூழல் சார்ந்திருந்த செயலி வசதி 64-பிட் முறையில் கிடைக்காது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே வெளிவராததால், டூமின் பழைய டாஸ் நிரலை நேரடியாக ஓட்டும் வழி அங்கே முற்றிலும் அடைபட்டது.

மாற்று வழிகள் அதற்கு முன்பே இரு திசைகளில் உருவாகியிருந்தன. முதலாவது, புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியையே மென்பொருளாகக் கட்டுவது. 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் இந்த வகை. செயலி, திரை, சவுண்ட் பிளாஸ்டர் எல்லாவற்றையும் அது பாவனை செய்கிறது. பயனர் ஒரு கோப்புறையை மவுண்ட் கட்டளையால் அதன் சி டிரைவாக ஆக்கிவிட்டு, 1993-இல் செய்தது போலவே செட்டப் நிரலை ஓட்டி 220, 7, 1 என்று பதில் சொல்லலாம். இந்த முறை எண்கள் கட்டாயம் பொருந்தும், ஏனெனில் கார்டே கற்பனை. கவனிக்க வேண்டியது வேகம். செயலியின் வேகத்தையே கடிகாரமாக நம்பிய விங் கமாண்டர் போன்ற விளையாட்டுகள் வேகமான கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் என்ற எண்ணைக் குறைத்து அவற்றை அடக்க வேண்டும். டூமுக்கு அந்தக் கவலை இல்லை. அது கணினியின் கடிகாரத்தைப் பார்த்து நொடிக்கு 35 அடிகள் என்று சீராக நகர்கிறது. 2008-இல் போலந்தில் தொடங்கிய ஜிஓஜி கடை, டாஸ்பாக்ஸை முன்கூட்டியே அமைத்து விளையாட்டோடு கட்டி விற்றது. அமைக்கும் வேலை பயனரின் மேசையிலிருந்து கடைக்காரரின் மேசைக்கு மாறியது.

இரண்டாவது வழி, விளையாட்டை ஓட்டும் நிரலையே புதிய கணினிக்கு ஏற்ப மாற்றி எழுதுவது. அது டூமுக்கு வாய்த்ததற்குக் காரணம் விளையாட்டின் கட்டமைப்பு. முந்தைய வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டின் நிலைகளை ரசிகர்கள் தாங்களே துருவி மாற்றியதை இட் நிறுவனத்தார் கண்டிருந்தனர். ஆகவே டூமில் நிரலாளர் ஜான் கார்மாக் இயந்திரத்தையும் சரக்கையும் பிரித்து வைத்தார். படங்கள், ஒலிகள், நிலைகள் யாவும் வாட் என்ற ஒரே கோப்பில். அதைப் படித்து ஓட்டும் நிரல் தனியே. கேசட்டும் டேப் ரெக்கார்டரும் போல: பழைய ரெக்கார்டர் ஓயலாம், கேசட்டைப் புதிய ஒன்றில் போட்டுக்கொள்ளலாம். 1997 டிசம்பர் 23 அன்று நிறுவனம் அந்த ரெக்கார்டரின் வரைபடத்தையே, அதாவது மூல நிரலை, உலகுக்குக் கொடுத்தது. கொடுத்தது லினக்ஸ் பதிப்பு. டாஸ் பதிப்பின் ஒலிப்பகுதி டிஎம்எக்ஸ் என்ற பிறர் உரிமையுள்ள நூலகம் என்பதால் அதை வெளியிட முடியவில்லை. முதலில் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும் என்றிருந்த உரிமம் 1999-இல் கட்டற்ற ஜிபிஎல் ஆனது.

விளைவு ஓரிரு ஆண்டுகளிலேயே தெரிந்தது. 1998-இல் பூம், இசட்டூம் என்ற இயந்திரங்கள் வந்தன. பின்னர் ஜிஇசட்டூம், பிஆர்பூம் என்று கிளை பெருகியது. அகலத் திரை, உயர் துல்லியம், மேலும் கீழும் பார்க்கும் வசதி என இவை சேர்த்தவை பல. 2005-இல் தொடங்கிய சாக்லேட் டூம் எதிர்த் திசையில் நடந்தது. ஒரு காட்சியில் 128-க்கு மேல் தரை, கூரைப் பரப்புகள் சேர்ந்தால் அசல் டூம் பிழை காட்டி நின்றுவிடும். சாக்லேட் டூமும் அதே இடத்தில் அப்படியே நிற்கும். வீண் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. டூமின் டெமோ கோப்புகள் ஆட்டக்காரர் எங்கே நின்றார் என்பதைப் பதிவதில்லை. ஒவ்வோர் அடியிலும் எப்படி நகர்ந்தார், எதை அழுத்தினார் என்பதை மட்டுமே பதிகின்றன. இயந்திரத்தின் கணக்கு ஓர் இம்மி மாறினாலும் பதிவு தடம் புரண்டு, வீரன் சுவரில் முட்டிக்கொண்டு வெறுங்காற்றைச் சுடுவான். 1990-களின் வேகச் சாதனைகளைச் சரிபார்க்க வேண்டுமானால் அசலின் பிழைகளும் வேண்டும். வசதிக்கு ஜிஇசட்டூம், வரலாற்றுக்குச் சாக்லேட் டூம் என்பதே பொருத்தமான பிரிவினை.

இன்று நிறுவும் வேலை சுருங்கிவிட்டது: இயந்திரத்தைப் பதிவிறக்கி, அதே கோப்புறையில் டூம்.வாட் கோப்பை வைத்தால் போதும். அதன் பிறகும் இரண்டு அமைப்புகளைப் பார்க்க வேண்டும். அசல் படம் 320-க்கு 200 புள்ளிகள். அன்றைய 4:3 திரை அதை உயரவாட்டில் இழுத்துக் காட்டியது. விகிதத் திருத்தம் இல்லாவிட்டால் இன்றைய திரையில் அரக்கர்கள் குட்டையாகத் தெரிவார்கள். அடுத்தது மவுஸ். அசல் விளையாட்டில் அதை முன்னே தள்ளினால் வீரனும் முன்னே நடப்பான். இன்றைய பழக்கமுள்ள கைகளுக்கு அதை அணைத்துவிடுவது நல்லது.

உரிமம் குறித்த ஒரு குழப்பமும் நீடிக்கிறது. இலவசமானது இயந்திரம் மட்டுமே. முழு விளையாட்டின் வாட் கோப்பு இன்றும் விலைக்குரியது. இந்த இடைவெளியை நிரப்பவே, சட்டப்படி எவரும் பகிரக்கூடிய படங்களும் நிலைகளும் கொண்ட ஃப்ரீடூம் என்ற மாற்று வாட் உருவாக்கப்பட்டது.

டூமின் உரிமையாளர்களும் தம் பங்கைச் செய்தனர். 2019-இல் கன்சோல்களுக்கும் கைபேசிகளுக்கும் வந்த மறுபதிப்பு, 1993-இன் விளையாட்டைத் தொடங்க இணையக் கணக்கில் நுழையச் சொன்னது. கிண்டலும் எதிர்ப்பும் எழ, நிபந்தனை கைவிடப்பட்டது. 2024 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டுடியோஸின் கைவண்ணத்தில் வந்த பதிப்பு, பூம் இயந்திரத்துக்காக எழுதப்பட்ட நிலைகளையும் ஏற்கிறது. 1998-இல் ரசிகர்கள் வகுத்த முறை 26 ஆண்டுகள் கழித்து அதிகாரபூர்வ விளையாட்டுக்குள் இடம்பெற்றது. செலவில்லாமல் பார்க்க விரும்புவோருக்கு ஷேர்வேர் முதல் பாகத்தின் டூம்1.வாட் இன்றும் போதும். அதன் அளவு சுமார் 4 மெகாபைட்.