வில்வண்டி கற்பித்த பாடம்

முற்காலத்தில் நம் நாட்டு வண்டிகள் இரு வகைப்பட்டிருந்தன. ஒன்று கட்டை வண்டி, மற்றொன்று வில்வண்டி. கட்டை வண்டியில் பாரம் முழுவதும் அச்சின்மேல் நேராக அமர்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் வண்டியும் ஏறும். வண்டியிலுள்ள நெல் மூட்டையும் ஏறும். மூட்டையின்மேல் அமர்ந்தவரும் ஏறி இறங்க வேண்டியதுதான். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சக்கரம் ஏறும்போது பட்டை வளைந்து கொடுக்கும். கூண்டு பெரும்பாலும் தன் நிலையிலேயே நிற்கும். அம்பு தொடுக்கும் வில்லைப் போல் வளைந்து நிமிர்வதால் அப்பட்டைக்கு வில் என்றே பெயர் வழங்கலாயிற்று.

இக்காலத்தில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலர், வண்டியோடு வந்த வில்லையும் அதிர்வுத் தணிப்பானையும் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் வேறு உறுப்புகளைப் பொருத்திக்கொள்கின்றனர். பொருள் செலவழித்த பின்னர் வண்டி முன்னிலும் கடினமாக முதுகை உலுக்குவதைக் கண்டு திகைக்கின்றனர். இது புதிய தொல்லை எனச் சிலர் எண்ணக்கூடும். உண்மையில் வில்லுக்கும் பாரத்துக்கும் உள்ள உறவை மறந்த ஒவ்வொரு தலைமுறையும் இத்தொல்லையைக் கண்டே இருக்கிறது. திருவனந்தபுரத்துச் சாலைகளில் ஓடிய வண்டிகளின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வில்லின் இயல்பை முதலில் விதியாக வகுத்தவர் ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக். எவ்வளவு விசை கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு வில் நீளும் என்பதை அவர் 1678-ஆம் ஆண்டில் நூல் வடிவில் வெளியிட்டார். 1804-ஆம் ஆண்டில் ஒபடையா எலியட் என்பவர் வண்டிகளுக்கு நீள்வட்ட வடிவான பட்டை வில்லை அமைத்து அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பயனாகச் சாரட்டு வண்டிகள் எடை குறைந்தன, பிரயாணமும் மென்மையாயிற்று. பட்டை வில் நம் நாட்டுக்கும் வந்து மாட்டு வண்டியின் அடியில் இடம் பெற்றது.

ஆனால் அந்த மென்மை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. திருவிதாங்கூரில் வில்வண்டி செல்வரும் உயர்குடியினரும் ஏறும் ஊர்தி. ஒடுக்கப்பட்ட மக்கள் அதில் ஏறுவது இருக்கட்டும். பொதுச் சாலையில் நடப்பதற்கே தடை இருந்தது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்கானூரில் 1863-இல் பிறந்த ஐயன்காளி, 1893-ஆம் ஆண்டில் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, அதில் ஏறித் தடை செய்யப்பட்ட சாலையில் சென்றார். எதிர்த்து நின்றவர் பலர். அவர் வண்டியைத் திருப்பவில்லை. சாலையில் நடக்கும் உரிமைக்காக நிகழ்ந்த போராட்டங்களுள் வில்வண்டிப் பயணம் என்னும் அந்நிகழ்ச்சி நீங்கா இடம் பெற்றுவிட்டது. திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அவருடைய சிலை இன்று சாலையை நோக்கி நிற்கிறது. உடல் நோகாமல் பிரயாணம் செய்வதும் மனிதனின் மதிப்பைச் சார்ந்தது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

பணச் செல்வாக்கோ குலச் செல்வாக்கோ இல்லாத ஒருவர், சீட்டு வாங்கி வில்லின்மேல் அமரும் காலம் மோட்டார் பஸ்ஸோடு வந்தது. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மா திருவிதாங்கூர் அரசாங்கப் போக்குவரத்து இலாகாவைத் தொடங்கி வைத்தார். லண்டன் நகரப் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணிபுரிந்த ஈ. ஜி. சால்டர் என்பவர் அதன் சூப்பரின்டெண்டாக நியமிக்கப்பட்டிருந்தார். காமர் நிறுவனத்தின் 60 வண்டிச் சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டன. அவற்றின்மேல் கூண்டு கட்டும் வேலையை இவ்வூர்த் தொழிலாளரே சால்டரின் மேற்பார்வையில் செய்து முடித்தனர். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் பாதையே முதலில் அரசாங்க பஸ்களுக்கு உரியதாயிற்று. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பாதை அது.

கூண்டு கட்டியவர்களுக்கு முன் ஒரு கடினமான கணக்கு நின்றது. அக்கணக்கு இன்றும் மாறவில்லை. வில் எந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட வேண்டும்? ஆசனங்கள் நிறைந்து, கூரையின்மேல் மூட்டைகளும் ஏறிய வண்டிக்கு ஏற்ற வில், இரவில் நான்கு பேரோடு திரும்பும் வண்டிக்கு மிகக் கடினமாகிவிடும். நான்கு பேருக்கு ஏற்ற வில்லோ, திருவிழா நாளில் முழுவதும் அமுங்கிப்போகும். ஆகவே கனவண்டிகளில் பாரம் கூடும்போது மட்டும் தாங்குவதற்கு வரும் துணைப்பட்டையை முதற்பட்டைகளின்மேல் வைக்கலாயினர். பிற்காலத்தில் காற்றடைத்த உறைகளே வில்லாகப் பயன்படும் பஸ்களும் இந்நகரில் ஓடத் தொடங்கின. உறைக்குள் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பாரத்துக்கேற்ப வில்லின் வலிமையை மாற்றலாம் என்பது அவற்றின் சிறப்பு.

பஸ்ஸிலிருந்து சிறு காருக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திலிருந்து அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குச் சென்ற மாரிஸ் ஆலி என்னும் பொறியியல் வல்லுநர், ஒரு காரில் எடைகளை முன்னும் பின்னும் மாற்றி வைத்து, எந்த அமைப்பில் பிரயாணிக்குச் சுகம் மிகுதி எனப் பல முறை ஓட்டிச் சோதித்தார். அக்காலத்துக் கார்களில் முன் வில் கடினமாகவும் பின் வில் மென்மையாகவும் இருந்தன. முன் வில்லே சற்று மென்மையாக இருத்தல் வேண்டும் என்று ஆலி கண்டார். மேட்டின்மேல் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் சிறிது நேரம் கழித்து ஏறுகிறது. பின் வில் சற்று விரைவாக அசைந்தால், பிந்தித் தொடங்கிய அசைவு முந்தியதை எட்டிப் பிடித்துவிடும். கார் தலையசைக்காமல் சமமாக ஏறி இறங்கும்.

வில் எவ்வளவு மென்மையானது என்பதை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. வண்டியின் எடையால் மட்டும் வில் 25 சென்டிமீட்டர் அமுங்குமானால், வண்டி வினாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் அசையும். 6 சென்டிமீட்டரே அமுங்குமானால் வினாடிக்கு ஏறத்தாழ இரு முறை அசையும். முதல் அசைவு நம் நடையின் தாளத்தை ஒட்டியது; உடல் அதனை எளிதில் பொறுத்துக்கொள்ளும். வினாடிக்கு 4 முதல் 8 வரையான செங்குத்து அதிர்வுகளே உடலை மிகவும் வருத்துபவை என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வில் கடினமாகக் கடினமாக வண்டியின் அசைவு இந்த எல்லையை நோக்கி நகர்கிறது. கர்ப்பிணிகளும் நோயாளிகளும் நாள் முழுவதும் ஓட்டும் ஓட்டுநரும் படும் துன்பத்துக்கு இதுவே காரணம்.

வில் மட்டும் போதாது. ஒரு முறை அமுங்கிய வில் பல முறை ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே, பட்டறைகளில் ஷாக் அப்சார்பர் என்று வழங்கும் அதிர்வுத் தணிப்பானின் வேலை. பழைய பட்டை வில்லில் பட்டையோடு பட்டை உராய்வதால் ஆட்டம் தானே ஓரளவு அடங்கிற்று. ஆனால் துரு ஏறிய பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறு பள்ளங்களுக்கு வளையவே மாட்டா. 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரின் பின்புறத்தில் இத்தகைய பட்டை வில்களே இருந்தன. பாரம் தாங்க வேண்டும் என்று பட்டறையில் ஒரு பட்டையைக் கூட்டிப் போடச் சொன்னவர் பலர். ஐந்து பட்டைகள் உள்ள வில்லில் அதே அளவுள்ள ஆறாவது பட்டையைச் சேர்த்தால் கடினம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். பட்டையின் தடிப்பைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சுருள் வில்லில் கம்பியின் தடிப்பைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் கடினம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். கண்ணுக்குத் தெரியாத வேற்றுமை முதுகுக்குத் தெரிவது இதனால்தான்.

இனி, புதிய உறுப்புகள் பூட்டியபின் கடினமான வண்டியைச் சீர்ப்படுத்தும் முறையைக் காண்போம். செலவில்லாததை முதலிலும் செலவு மிக்கதைக் கடைசியிலும் பார்ப்பதே அறிவுடைமை.

முதலில் டயரின் காற்றை அளக்க வேண்டும். டயரும் ஒரு வில்லே. வண்டி செய்தவர் குறித்துள்ள அளவுக்கு மேல் காற்று இருந்தால் சிறு கற்கள்கூட நேராக உடலில் தாக்கும். இரண்டாவதாக, முட்டு ரப்பரைக் காண வேண்டும். வில் இறுதிவரை அமுங்கும்போது தாங்குவதற்காக அது வைக்கப்பட்டுள்ளது. வண்டியைத் தாழ்த்தும் பொருட்டுக் குட்டையான வில் பூட்டினால் அல்லது சுருளை வெட்டிக் குறைத்தால், சக்கரம் ஏறுவதற்கு இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பரில் மோதும். வெட்டிய சுருள் கடினமும் அடைகிறது. எட்டுச் சுருளை ஆறாகக் குறைத்தால் கடினம் மூன்றில் ஒரு பங்கு ஏறும்.

மூன்றாவது, பலர் அறியாதது. இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்களின் மரைகளை, வண்டி ஜாக்கியின்மேல் நின்று சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிடுவதுண்டு. வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு இன்னொரு வில்லாக எதிர்த்து நிற்கும். விரைவில் கிழிந்தும் போகும். மரைகளைத் தளர்த்தி, வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது மறுபடி இறுக்கினால், பல வண்டிகளில் குறையில் ஒரு பகுதி அப்போதே நீங்கும்.

நான்காவதாக, தணிப்பான் வில்லுக்கு ஏற்றதா என்று காண வேண்டும். மெதுவாகச் செல்லும்போது சிறு பள்ளங்களில் வெட்டி அடித்தால் தணிப்பான் மிகக் கடினம் என்று கொள்ளலாம். பெரும் பள்ளங்களில் மட்டும் இடித்தால் அமுங்க இடமில்லை. பள்ளம் கடந்தும் ஆட்டம் தொடர்ந்தால் தணிப்பான் வலுக்குறைந்தது. திருகி மாற்றத்தக்க தணிப்பானாயின், மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்கி, ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்துப் படிப்படியாக ஏற்றுதல் நலம். இத்தனையும் செய்தபின் கடினம் நீங்காவிடில் வில்லே பாரத்துக்குப் பொருந்தாதது. பொருத்தமான வில்லை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. அமுங்கிய சுருள் வில் பெரும் விசையோடு தெறிக்கக்கூடியதாகையால் அதனைக் கழற்றுவதைப் பயின்ற தொழிலாளரிடம் விடுவதே தக்கது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கடினமான வில் வலிய வில் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வளைந்து கொடுத்துப் பின் தன் நிலைக்கு மீள்வதே வில்லின் வலிமை. டயரும் வில்லும் தணிப்பானும் பாரமும் ஒன்றையொன்று அறிந்து வேலை செய்தால், பிரயாணி சாலையை மறந்து உரையாடிக்கொண்டே ஊர் சேருவார். வெங்கானூர்ச் சாலையில் ஒருவர் போராடிப் பெற வேண்டியிருந்த அந்தச் சுகத்தை, இன்று பின் ஆசனத்தில் அமரும் முதியவருக்கும் குழந்தைக்கும் குறைவின்றி அளிப்பது வண்டி வைத்திருப்பவரின் கடமையாகும்.