பெரிய குக்ரியா, சின்னக் குக்ரியா?

போன வாரம் வேலூரிலிருந்து தங்கமணியின் தம்பி போன் செய்தான். பயலுக்கு இப்போது ஜவ்வாது மலையில் போய் டென்ட் அடித்துத் தங்குகிற பைத்தியம்.

"மாமா, டேராடூன்லதானே இருக்கீங்க, எனக்கு ஒரு குக்ரி வாங்கி வைங்க. இருக்கறதுலயே பெரிசா பாத்து வாங்குங்க. கில்லெஸ்பியை முடிச்ச கத்தியாச்சே!"

வேலூர்க்காரனுக்கு கில்லெஸ்பி என்ற பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1806 ஜூலை 10 விடியற்காலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகை கட்டு என்று உத்தரவு போட்ட கோபம். ஐரோப்பியர்கள் நூற்றுக்கு மேல் செத்தார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் குதிரைப்படையோடு இருந்த கர்னல் ரோலோ கில்லெஸ்பி, சேதி கிடைத்ததும் பாய்ந்து வந்தார். கயிறு போட்டுச் சுவர் ஏறினார். பீரங்கி வந்ததும் வாசல் கதவை உடைத்தார்கள். அதற்கப்புறம் நடந்தது போர் இல்லை. அரண்மனைக்குள் ஒளிந்திருந்தவர்களில் சுமார் நூறு பேரை இழுத்து வந்து, சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். அன்று இறந்த சிப்பாய்கள் முந்நூறு பேருக்கு மேல் என்பார்கள். மக்கான் பக்கம் நினைவுத் தூண் இருக்கிறதே, அது இவர்களுக்குத்தான்.

அதே கில்லெஸ்பி எட்டு வருஷம் கழித்து, மேஜர் ஜெனரலாக, எங்கள் ஊருக்கு வந்து செத்தார். அதாவது இப்போது நாங்கள் குடியிருக்கிற ஊருக்கு.

டேராடூனுக்குப் பக்கத்திலே நாலாபானி என்ற மலை. அதன் மேல் கலங்கா என்று ஒரு சின்னக் கோட்டை. பலபத்ர குன்வர் என்ற கூர்க்கா தளபதியும், பெண்கள் குழந்தைகள் உள்பட அறுநூறு பேரும் உள்ளே. கில்லெஸ்பியிடம் சுமார் 3,500 பேர். 1814 அக்டோபர் 31 அன்று, முதல் தாக்குதல் தோற்றதும் பொறுமை இழந்து, தானே முன்னால் ஓடினார். கோட்டை வாசலுக்கு முப்பது கஜம் முன்னால் விழுந்தார்.

மச்சான் ஆசைப்பட்ட இடம் இதுதான். ஆனால் அவரை முடித்தது குக்ரி இல்லை. துப்பாக்கிக் குண்டு, நேரே நெஞ்சில். இதை போனில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

குண்டோ கத்தியோ, பழி தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பலபத்ரரின் ஆட்கள் வேலூருக்காகச் சண்டை போடவில்லை, தங்கள் கோட்டைக்காகப் போட்டார்கள். நவம்பர் 27 இரண்டாவது தாக்குதலையும் முறியடித்தார்கள். கடைசியில் கும்பினிக்காரர்கள் தண்ணீரை நிறுத்தினார்கள். நவம்பர் 30 அன்று மிச்சமிருந்த எழுபது பேரோடு பலபத்ரர் வெளியேறிவிட்டார். அடுத்த வருஷமே, 1815இல், பிடிபட்ட கூர்க்காக்களையும் சேர்த்துக்கொண்டு கும்பினி சிர்மூர் படைப்பிரிவைத் தொடங்கியது. 1857இல் தில்லியில் சிப்பாய்கள் எழுந்தபோது அந்தப் படை யார் பக்கம் நின்றது? கும்பினி பக்கம்தான். ஆக, நம் சிப்பாய்களின் பழிவாங்கும் கத்தி என்று எதையும் இந்த ஊரில் விற்க முடியாது.

சகஸ்ரதாரா போகிற வழியில் இரண்டு வெள்ளைத் தூண்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு விழுந்தவர்களுக்கும். இன்னொன்று, வீரமான எதிரி என்று பலபத்ரருக்கும் அவர் ஆட்களுக்கும், ஆங்கிலேயர்களே வைத்தது. எதிரிக்குத் தூண் வைத்த பெருந்தன்மை என்று எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் வேலூரில் சுவரோரம் நின்ற நூறு பேர்தான் ஞாபகம் வருகிறார்கள். அவர்களுக்குத் தூண் நாமேதான் வைக்க வேண்டியிருந்தது.

சரி, கத்திக்கு வருகிறேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று 10 அங்குல அலகு, மற்றது 6 அங்குலம். சின்னது அழகாக இருந்தது, விலையும் குறைவு. முடிவு செய்யத் தெரியாமல் திரும்பி வந்து, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சுபேதாரிடம் கேட்டேன். தாத்தா காலத்திலிருந்து கூர்க்கா படையில் இருந்த குடும்பம்.

"சாப், ஆறு அங்குலக் குக்ரி எதுக்கு? கர்தா ஒண்ணு தன்னைக் குக்ரின்னு நெனச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்" என்று சிரித்தார். உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்து வந்து காட்டினார்.

குக்ரியின் அலகு முன்பக்கமாக வளைந்து, முனைப்பக்கம் அகலமாக இருக்கும். கனமெல்லாம் அங்கேதான். நம் ஊர் வெட்டுக்கத்தியைப் போல, கை வீசினால் போதும், மீதியைக் கனம் பார்த்துக்கொள்ளும். கொல்லர் முழுக் கத்தியையும் தண்ணீரில் முக்குவதில்லை. கெட்டிலிலிருந்து விளிம்பில் மட்டும் ஊற்றுகிறார். விளிம்பு இறுகும், முதுகு அடி தாங்கும். அலகைச் சின்னதாக்கினால் வளைவு மிஞ்சும், கனம் போய்விடும். விறகும் பிளக்காது, வெங்காயமும் ஒழுங்காக நறுக்காது. (உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது என்கிற கதையைக் கேட்டேன். சினிமாக்காரன் சொன்னதா என்றார்.)

சின்ன வேலைக்குத்தான் அந்த உறையிலேயே இரண்டு குட்டிகள் செருகியிருக்கின்றன. கர்தா என்பது கூரான சின்னக் கத்தி. சக்மக் மழுங்கல், அலகைத் தீட்டவும், கல்லில் தட்டித் தீப்பொறி எடுக்கவும். அவர் சர்வீஸில் பெரியதை எடுத்ததெல்லாம் கிளை வெட்ட, புதர் கழிக்க, தசைனுக்குக் கிடா வெட்ட. தினப்படி வேலையெல்லாம் கர்தாதான். பெரிசா சின்னதா என்ற கேள்விக்கு, இரண்டும் ஒரே உறையில் என்று அந்த ஊர்க் கொல்லர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள்!

ஒரு விஷயம், வாங்கப் போகிறவர்கள் கவனிக்க. நம் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன, குக்ரி என்று பெயர் சொல்லியே. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை இதில் சேராது. அரசு தனியாக அறிவித்திருக்கும் பகுதிகளில்தான் லைசென்ஸ் வேண்டும். ஆனாலும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஜவ்வாது மலை பஸ்ஸில் ஏறுவேன் என்பவனுக்கு இதையெல்லாம் யார் விளக்குவது?

பெரியதையே வாங்கினேன், கர்தா சக்மக் சகிதமாக. மச்சானிடம், மே மாசம் நீயே வா, தூண்களைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அது வரைக்கும் குக்ரி பீரோ மேலே, குழந்தைகளுக்கு எட்டாமல். கர்தாவை மட்டும் தங்கமணி நேற்றே சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். இஞ்சித் தோல் சீவ அருமையாக இருக்கிறதாம்.