பரணில் கிடக்கும் இரும்புப் பெட்டி



நம் ஊரின் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால் கனமான ஓர் இரும்புப் பெட்டி கிடைக்கலாம். சவூதியிலிருந்து வந்த மிக்சருக்கும் கெசட் ரேடியோவுக்கும் போட்ட ட்ரான்ஸ்போமர் அது. அது ஏன் நம் வீட்டுக்கு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1933இல் சவூதியில் எண்ணெய் தேடும் உரிமை அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸ் மின்சாரமே பின்னர் அந்நாட்டில் நிலைத்தது. ஆங்கிலேயர் செல்வாக்கில் இருந்த குவைத், கட்டார், பஹ்ரைன் ஆகியன 50 ஹேர்ட்ஸில் நின்றன. நமது இலங்கையும் அப்படித்தான்: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சவூதி வீடுகளிலோ சாதாரண பிளக்கில் 127 வோல்ட், ஏசிக்கு 220 வோல்ட் என்று இரண்டும் இருந்தன.

1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்து விடப்பட்ட பின்னர் நம் வாப்பாமாரும் உம்மாமாரும் வளைகுடாவுக்குப் போனார்கள். வரும்போது பெட்டி பெட்டியாகச் சாமான்கள் வந்தன. 127 வோல்ட் இஸ்திரிக்கையை நமது 230இல் செருகினால் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேலாகும். இரண்டு வருட உழைப்பு ஒரு நொடியில் புகையாகிவிடும்.

ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைச் சரிசெய்யும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸை நம்பி ஓடும் கரண்ட் மணிக்கூடு இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். வளைகுடா நாடுகள் தம் மின்வலையை இணைத்தபோதும் இதே சிக்கல்தான். சவூதியை நேரடியாக இணைக்க முடியாமல் அல்பாதிலியில் தனியான மாற்று நிலையம் கட்ட வேண்டியதாயிற்று.

கரண்ட் கூடிக் குறைவது இன்னொரு தொல்லை. கோடையில் எல்லா ஏசியும் ஒன்றாக ஓடினால், நீண்ட கம்பியின் கடைசி வீட்டில் வோல்ட் இறங்கும். அப்போது பிறிஜ்ஜின் கம்பிரசர் சுழல முடியாமல் அதிக கரண்ட் இழுத்துச் சூடாகி எரியும். ஸ்டெபிலைசர் வோல்ட்டைத் தாங்கிப் பிடிப்பதோடு, கரண்ட் போய் வந்தால் சில நிமிடம் பொறுத்தே பிறிஜ்ஜுக்கு விடும். உள்ளே வாயு அழுத்தம் சமமாக அந்த இடைவெளி தேவை.

2010இல் சவூதி அமைச்சரவை, 25 வருடத்துக்குள் 230/400 வோல்ட்டுக்கு மாறத் தீர்மானித்தது. ஆகவே இன்று அங்கே பழைய முறையும் உண்டு, புதியதும் உண்டு. அங்கிருக்கும் நம் உறவுகள் அறைக்குக் குடிபோனதும் எந்த பிளக்கில் எத்தனை வோல்ட் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாமான் வாங்கும்போது பின்பக்க லேபலைப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் பயமில்லை. 127 அல்லது 60 மட்டும் இருந்தால் ஊருக்கு அனுப்ப வேண்டாம்.

அந்தப் பெட்டியை நம் பிள்ளைகளுக்கும் ஒருமுறை காட்டுவோம். அவர்களுடைய உம்மம்மாவும் வாப்பப்பாவும் என்ன பாடுபட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.