கேட்டவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர்: இண்டிமீடியா சர்வர் பறிப்பும் பொறுப்புக்கூறலும்

ஊடகச் சுதந்திரத்தைக் காக்கும் சட்டங்கள் பெரும்பாலும் பத்திரிகை அலுவலகத்தின் வாசலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. வாசலில் நிற்கும் அதிகாரி யார், அவர் கையிலுள்ள ஆணை எந்த நீதிமன்றத்துடையது, அதை எங்கே எதிர்க்கலாம் என்பவை அங்கே தெளிவாகத் தெரியும். செய்தித்தளங்கள் வாடகை சர்வர்களுக்குக் குடிபெயர்ந்தபின் அந்தத் தெளிவு குலைந்தது. 2004-இல் இண்டிமீடியாவின் சர்வர்கள் பறிபோனதற்கு எந்த அரசும் பதில் சொல்லவில்லை. அதற்குத் தனியொரு அதிகாரியின் அத்துமீறலைக் காரணம் காட்டினால் போதாது. ஆணையை எதிர்க்கும் வாய்ப்பைப் பதிப்பாளருக்குத் தராமல், பொருளை வைத்திருப்பவருக்குத் தந்த சட்ட அமைப்பே மூலகாரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிகழ்வு

1999-இல் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்து நடந்த போராட்டங்களின்போது தோன்றியது இண்டிமீடியா. எவரும் செய்தி பதியலாம் என்ற கொள்கையுடன் அது பல நாடுகளில் கிளைத்தது. 2004 அக்டோபர் 7 அன்று இத்தாலி, பிரேசில், உருகுவே, போலந்து உட்பட அதன் இருபதுக்கும் மேற்பட்ட தளங்கள் முடங்கின. சர்வர்கள் இருந்தது லண்டனில். அவற்றை வாடகைக்கு விட்டிருந்த ரேக்ஸ்பேஸ் நிறுவனத்தின் தலைமையகமோ டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில்.

பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் கீழ் வந்த ஆணைக்குத் தான் கட்டுப்பட்டதாகவும், மேற்கொண்டு பேசத் தனக்கு அனுமதி இல்லை என்றும் நிறுவனம் கூறியது. இது தன் நடவடிக்கை அன்று, வேறு நாட்டின் கோரிக்கையே என்றது எஃப்.பி.ஐ. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஜான் மெக்டொனல் எழுப்பிய கேள்விக்கு, பிரிட்டனின் காவல் அமைப்பு எதற்கும் இதில் பங்கில்லை என்று உள்துறைத் துணை அமைச்சர் கரோலின் ஃபிளின்ட் பதிலளித்தார். சில நாட்களில் சர்வர்களின் வன்தட்டுகள் திரும்பின, விளக்கம் வரவில்லை.

டிஜிட்டல் உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன், ஆணையை வெளியிடக் கோரி அமெரிக்காவின் டெக்சஸ் மேற்கு மாவட்ட நீதிமன்றத்தை நாடியது. 2005-இல் ரகசிய ஆவணங்கள் வெளிவந்தன. கோரிக்கை இத்தாலியின் பொலோன்யா நகர அரசு வழக்கறிஞரிடமிருந்து வந்திருந்தது. அப்போதைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் ரோமானோ ப்ரோடியின் வீட்டுக்கு 2003 டிசம்பரில் வந்த குண்டுப் பொதி பற்றிய விசாரணை அது. ஆனால் அழைப்பாணை கேட்டது குறிப்பிட்ட சில பக்கங்களின் பதிவுக் கோப்புகளை மட்டுமே. சர்வரை எவரும் கேட்கவில்லை. கெடுவுக்குள் கோப்புகளைப் பிரித்தெடுக்க இயலாததால் வன்தட்டுகளை முழுதாக ஒப்படைத்ததாக நிறுவனம் பின்னர் விளக்கியது.

சட்டத்தின் இடைவெளி

1978-இல், ஸ்டான்ஃபோர்ட் டெய்லி என்ற மாணவர் நாளிதழின் அலுவலகத்தில் காவல்துறை நடத்திய சோதனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மறுமொழியாக அமெரிக்க காங்கிரஸ் 1980-இல் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பதிப்பாளரிடம் சோதனை போடுவதைத் தவிர்த்து, அழைப்பாணை மூலம் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம். அழைப்பாணை வந்தால் அதைப் பெறுபவர் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும். பிரிட்டனின் 1984-ஆம் ஆண்டுக் காவல் மற்றும் குற்றச் சான்றுச் சட்டமும் இதே தர்க்கத்தில் அமைந்தது. பத்திரிகைத் தொழிலுக்கான பொருள்களைப் பெற நீதிபதியிடம் தனி விண்ணப்பம் வேண்டும்; வழக்கமாக, பொருளை வைத்திருப்பவருக்கு அறிவிப்பும் வேண்டும்.

இரு சட்டங்களும் ஒரே அனுமானத்தின்மேல் நிற்கின்றன: பொருளை வைத்திருப்பவரே பதிப்பாளர். இண்டிமீடியாவில் அந்த அனுமானம் பொய்த்தது. அழைப்பாணை போய்ச் சேர்ந்தது வாடகை நிறுவனத்திடம். எதிர்க்கும் வாய்ப்பு அதற்கு இருந்தது, காரணம் இல்லை. பதிப்பாளருக்குக் காரணம் இருந்தது, வாய்ப்பு இல்லை. ரகசியம் எஞ்சிய வழியையும் அடைத்தது.

டெக்சஸின் மேற்கு மாவட்ட நீதிமன்றமே இதற்கு மாறான முன்னுதாரணத்தையும் தந்திருக்கிறது. 1990-இல் ஆஸ்டின் நகரின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் பதிப்பகத்திலிருந்து அமெரிக்க ரகசிய சேவைப் பிரிவு கணினிகளை எடுத்துச் சென்றது. 1993-இல் அந்நீதிமன்றம் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 50,000 டாலருக்குமேல் இழப்பீடு வழங்கியது. பதிப்பகத்தின் சொந்த அலுவலகத்துக்கே வந்து எடுத்ததால், எடுத்தவர் யார் என்பதில் அங்கே ஐயமில்லை, வழக்கும் நின்றது.

எதிர்வாதம்

கொலை முயற்சியை விசாரிப்பது அரசின் கடமை; எல்லை கடந்த விசாரணையில் ரகசியமும் தேவை என்று சொல்லப்படும். இரண்டும் சரியே. ஆனால் விசாரணைக்கு வேண்டியது பதிவுக் கோப்புகள் என்பதை அழைப்பாணையே காட்டுகிறது. குற்றத்தோடு தொடர்பற்ற தளங்கள் முடங்கியதற்கு விசாரணையின் தேவை காரணமாகாது. நிறுவனம் கேட்டதற்கு மேல் கொடுத்தது, அரசு என்ன செய்யும் என்றும் கேட்கலாம். கேட்காததைப் பெற்றுக்கொண்ட கணத்தில் அரசுக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. கேட்ட நாடு, பெற்ற நாடு, பொருள் இருந்த நாடு என மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டித் தப்ப முடிந்தது என்பதே இங்குள்ள அரசியல் கேடு.

முடிவுரை

இந்த இடைவெளி இன்னும் மூடப்படவில்லை; அகன்றிருக்கிறது. 2018-இல் அமெரிக்கா இயற்றிய கிளவுட் சட்டமும், 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற மின்னணுச் சான்று ஒழுங்குமுறையும் அயல்நாட்டு ஆணைகள் நேரே சேவை நிறுவனங்களைச் சென்றடைய வழி வகுக்கின்றன. ஆகவே குறைந்தது நான்கு விதிகள் தேவை. ஊடகத்தின் தரவு கோரப்பட்டால் அறிவிப்பு பதிப்பாளருக்கே செல்ல வேண்டும். ரகசியம் தவிர்க்க முடியாதெனில் நீதிபதி அதற்குக் காலவரம்பு விதித்து, பின்னர் ஆணையை வெளியிட வேண்டும். பொருள் இருக்கும் நாட்டின் நீதிமன்றம் தன் பத்திரிகைச் சட்டத்தின்படி கோரிக்கையைச் சோதிக்க வேண்டும். ஆணைக்கு மேல் கொடுத்த நிறுவனமும், அதைப் பெற்ற அமைப்பும் தனித்தனியே இழப்பீட்டுக்கு உள்ளாக வேண்டும். இவை இல்லாதவரை, வாடகை சர்வரில் இயங்கும் எந்தச் சுதந்திர ஊடகத்துக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு ஏட்டளவிலேயே நிற்கும்.